பீப்பாய் மூடியில் ஒரு போல்ட்

கொடைக்கானலில் கீழ் பஜாரை ஒட்டிய ஒரு சந்தில் எனக்குக் கடை இருந்தது. காஸ் அடுப்பு, குக்கர், மண்ணெண்ணெய் ஸ்டவ் பழுதுபார்க்கிற கடை. உள்ளே என்னையும் ஒரு பெஞ்சையும் தவிர மூன்றாவதாக ஓர் ஆள் நிற்க இடம் கிடையாது. வருகிறவர்கள் சந்தில் நின்றபடியே பேசுவார்கள். சீசன் நாட்களில் ஓட்டல்காரர்கள் அடுப்புகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். மற்ற நாட்களில் குக்கர்தான். கேஸ்கட் மாற்ற வேண்டும், வெயிட் அடைத்துக்கொண்டால் குத்திவிட வேண்டும், சேப்டி வால்வு போயிருந்தால் புதிது போட வேண்டும். குக்கரோடு வரும் பெண்களிடம் ஒரு விஷயத்தை நான் சொல்லாமல் அனுப்பியதே இல்லை.

"வால்வு போச்சுன்னா அந்த ஓட்டையில எதையும் வச்சு அடைச்சிராதீகம்மா. அது போகணும், நாம இருக்கணும். அதுக்குத்தான் அத வச்சிருக்கான்."

இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, செல்போன் மலைக்கு வந்த புதிதில், ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் கடைக்கு வந்தார். இங்கே ஒரு பள்ளியில் பல வருஷம் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டிருந்தார். மகள் அவருடைய ஊரில் இருந்தாள். தமிழ் நன்றாகப் பேசுவார், ஆனால் புத்தகத்தில் இருக்கிற மாதிரி பேசுவார். முழங்காலுக்குச் சற்று மேல் உயரமுள்ள ஓர் எவர்சில்வர் பீப்பாயைத் தானே சுமந்துகொண்டு வந்திருந்தார்.

"இந்த மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்துவிட்டது. காற்றுப் பிடிப்பதில்லை. ஏதாவது செய்ய முடியுமா?"

பீப்பாய்க்குள் என்ன வைப்பீர்கள் என்று கேட்டேன். பீர் என்றார். வீட்டிலேயே காய்ச்சுகிறாராம். விற்பதில்லை, சனிக்கிழமை சாயங்காலம் சீட்டாட வருகிற நாலைந்து கிழவர்களுக்கு மட்டும் என்று சொன்னபோது ஏதோ தப்புச் செய்து பிடிபட்ட மாணவனைப் போலச் சிரித்தார். மனைவியும் அவருமாகச் சேர்ந்து தொடங்கிய பழக்கம் அது என்று பிற்பாடு சொன்னார்.

மூடியைக் கழற்றிக் கையில் கொடுத்தார். முட்டை வடிவ மூடி. அதைச் சாய்த்து உள்ளே விட்டுத் திருப்பி மேலே இழுத்து மாட்ட வேண்டும். உள்ளேயிருக்கும் காற்றே மூடியை மேல்நோக்கித் தள்ளி இறுக்கிக்கொள்ளும். அந்த வேலைப்பாட்டைப் பார்த்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது. காலம் முழுக்கக் குக்கர் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தவன் நான். இரண்டு நாள் கேட்டேன். வத்தலக்குண்டில் லாரி உதிரிபாகம் விற்கும் கடைகளில் ஏறி இறங்கி, பிரேக் பாகத்துக்குப் போடுகிற ஒரு வளையத்தைத் தேர்ந்தெடுத்து வந்து பொருத்தினேன். சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை.

அதிலிருந்து அவர் வீட்டுப் பீப்பாய்கள் நாலுக்கும் நான்தான் வைத்தியன். மூடியின் பெரிய வளையம் போக, பீப்பாயின் தோளில் இரண்டு குமிழ்கள் உண்டு. ஒன்றின் வழியாகக் காற்று உள்ளே போகும், மற்றொன்றின் வழியாகப் பீர் வெளியே வரும். குமிழுக்குள் ஸ்பிரிங் வைத்த ஊசி. அதன் அடியில் ஒரு சின்ன வளையம், பட்டாணிக்குள் அடங்குகிற அளவு. மூடியின் நடுவில் ஒரு வால்வு. அதில் சாவி வளையம் போல ஒன்று தொங்கும். இழுத்தால் உள்ளே இருக்கிற காற்று புஸ்ஸென்று போய்விடும். காற்று அளவு மீறினால் இழுக்காமலே தானாகத் திறந்துகொள்ளும். குக்கரின் சேப்டி வால்வுக்கு உறவுக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உதிரிபாகம் எல்லாம் அவர் மகள் தபாலில் அனுப்புவாள். அது வந்து சேர மாதக் கணக்காகும். வரும்வரை நான் ஏதாவது செய்து ஓட்டுவேன். சைக்கிள் வால்வு டியூபை வெட்டிப் போட்டிருக்கிறேன், பேனா ஸ்பிரிங்கை வளைத்துப் போட்டிருக்கிறேன். பெரியவர் அதைத் தன் நண்பர்களிடம் பெருமையாகக் காட்டுவார். எனக்கு அது வேண்டியிருந்தது. அடுப்புக்காரன் என்று மட்டுமே என்னைக் கூப்பிட்ட ஊரில் ஒருவர் என்னை இன்ஜினியர் என்றார்.

என் மச்சானை அந்த வீட்டுத் தோட்ட வேலைக்குச் சேர்த்துவிட்டதும் நான்தான்.

மச்சான் என்றால் என் அக்காவின் கணவர். நாங்கள் இரண்டு குடும்பமுமே சிலோன் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தவர்கள். நான் கப்பலிறங்கியபோது எனக்கு மூன்று வயது. என்னைவிட ஆறு வயது மூத்த அக்காவின் இடுப்பில் இருந்தேன். அக்காவுக்குக் கல்யாணமானதும் அவர்கள் பக்கத்துக் கிராமமான பேத்துப்பாறையில் குடியிருந்தார்கள். அன்றாடம் யாராவது கூப்பிட்டால் வேலை, இல்லாவிட்டால் இல்லை. மச்சான் மண்ணில் இறங்கினால் தலைநிமிராமல் வேலை பார்க்கிற ஆள். பேச்சு குறைவு. அவருடைய அப்பா தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் சாராயம் குடித்தே செத்தவர். மச்சானுக்கு அப்போது பத்து வயது. அந்தச் சாவை அவர் ஒரே ஒரு முறைதான் என்னிடம் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு கல்யாண வீட்டிலோ கோயில் கொடையிலோ அவர் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. போத்தலை யாராவது திறந்தாலே எழுந்து வெளியே போய்விடுவார்.

பீர் காய்ச்சுகிற வீட்டில் வேலை என்றதும் தயங்கினார்.

"நமக்குச் செடிகொடி சோலிதான மாப்ள? அந்தக் கருமத்தத் தொடச் சொல்ல மாட்டாகள்ல?"

"தூக்கி வைக்க எறக்கி வைக்கச் சொல்லுவாரு மச்சான். வயசானவரு. அம்புட்டுத்தான்."

"சரி, தூக்கிக்கிருவோம்."

தோளில் துண்டைப் போட்டு அதன்மேல்தான் பீப்பாயைத் தூக்குவார். இறக்கி வைத்ததும் குழாயடிக்குப் போய்க் கை கழுவுவார். பெரியவர் இதைக் கவனித்திருந்தார். மச்சானிடம் ஒருபோதும் ஒரு கிளாஸ் நீட்டியதில்லை. மச்சான் 'தொரை' என்று கூப்பிடுவதை மட்டும் மாற்ற முயன்று தோற்றுப்போனார். ஐந்து வருஷம் இப்படியே போயிற்று. அக்கா வீட்டுக்கு ஓடு மாற்றினார்கள். பூண்டு உரிக்கப் போய்க்கொண்டிருந்த அக்கா அதை நிறுத்திவிட்டு இரண்டு ஆடு வாங்கினாள். நல்லபடியாக இருந்தார்கள். எல்லாம் உன்னால்தான் என்று அக்கா என்னிடம் சொல்வாள்.

அந்த வருஷம் ஏப்ரல் கடைசியில் ஒரு பீப்பாயின் காற்றுவிடும் வால்வு கெட்டது. ஸ்பிரிங் துருவேறி, உள்ளேயிருந்த ரப்பர் கல்லாகி, இராப்பகலாகச் சீறிக்கொண்டே இருந்தது. அடைத்து வைத்த காற்று ஒரே நாளில் போய்விடும், பீர் சப்பென்று ஆகிவிடும். மகளுக்கு எழுதியிருந்தார், பார்சல் வரவில்லை. மே மாதம் பழைய நண்பர்கள் வெளியூரிலிருந்து வருகிறார்கள், நாலு பீப்பாயும் வேண்டும் என்றார். நான் வால்வைக் கழற்றிப் பார்த்தேன். ஸ்பிரிங்குக்கு மாற்று இருந்தது. ஆனால் ரப்பரை எப்படி வெட்டிப் போட்டாலும் கசிந்தது. மூன்று நாள் முயன்றேன். நாலாவது நாள் எரிச்சலில், வால்வை எடுத்துவிட்டு, அதே மரை உள்ள ஒரு பித்தளை போல்ட்டை, மேலொரு வாஷர் கீழொரு வாஷர் வைத்து முறுக்கிவிட்டேன்.

யோசிக்காமல் செய்தேன் என்று சொல்ல முடியாது. யோசித்தேன். குக்கரில் நெருப்பு இருக்கிறது, இதில் நெருப்பு ஏது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பெரியவர் மூடியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது தற்காலிகம்தானே?"

"பார்சல் வர்ற வரைக்கும் சார்."

"காற்றை வெளியேற்ற வேண்டுமானால்?"

"காத்து போற குமிழ் நடுவுல ஊசி இருக்குல்ல, ஸ்குரூ டிரைவர் நுனிய வச்சு அமுக்குங்க. போயிரும்."

அவர் தலையாட்டினார். மச்சான் அப்போது பத்தடி தள்ளி ரோஜாவுக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிட்டு இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மே முதல் வாரம் பெரியவர் விசா வேலையாகச் சென்னைக்குப் போனார். போவதற்கு முன்னால் அவசர அவசரமாக அந்தப் பீப்பாயை நிரப்பி மூடியிருக்கிறார். குளிரில் புளிப்பு மெதுவாகத்தான் ஏறும். இன்னும் பத்து நாள் விட்டிருக்க வேண்டியதை அவர் விடவில்லை. உள்ளே இனிப்பு மிச்சம் இருந்தால் மூடிய பிறகும் அது நுரைத்துக்கொண்டே இருக்கும், காற்று பெருகிக்கொண்டே இருக்கும். இது எனக்கு அப்போது தெரியாது. பீப்பாய் இருந்ததோ சமையலறையை ஒட்டிய தகரக் கொட்டகையில். அந்த வருஷம் மலையில்கூட மே மாதம் நன்றாகக் காய்ந்தது.

ஒரு வியாழக்கிழமை முற்பகல் பதினொரு மணி இருக்கும். சீசன் நேரம். கடை வாசலில் மூன்று ஓட்டல்காரர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு அடுப்பின் பர்னரைப் பிரித்துக் கையில் வைத்திருந்தேன். பெரியவர் வீட்டு லேண்ட்லைனிலிருந்து மச்சான் கூப்பிட்டார். அவர் போன் பண்ணுகிற ஆளே இல்லை.

"மாப்ள, கொட்டாயில ஒரு பீப்பா நொரை தள்ளுதுய்யா. மேல இருக்க அந்தக் கொமுழு ஓரமா பொங்கி வடியுது. தரையெல்லாம் ஈரமாக் கெடக்கு. தொரை வந்தா வருத்தப்படுவாரு. வெரசா வர்றியா?"

"இப்ப வர முடியாது மச்சான். கடையில கூட்டம். சாயங்காலம் வாரேன்."

"அதுக்குள்ள பூராம் வடிஞ்சிருமே."

"அங்கன டூல்ஸ் பெட்டியில ஸ்பேனர் இருக்கும். கொமுழ லேசா திருகி விடுங்க."

இதைத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். இத்தனை வருஷமாக அந்த ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். இறுக்குங்கள் என்ற அர்த்தத்தில்தான் சொன்னேன். ஆனால் டைட் பண்ணுங்க என்று சொன்னேனா, திருகி விடுங்க என்று சொன்னேனா? திருகி விடு என்றால் இறுக்குவதும் ஆகும், தளர்த்துவதும் ஆகும். எந்தப் பக்கம் என்று அவர் கேட்டாரா? கேட்டிருந்தால் என் காதில் விழவில்லை. ஓட்டல்காரர் ஒருவர் என்னிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் போனை வைத்துவிட்டேன்.

அரைமணி நேரத்துக்குள் பக்கத்து பங்களா வாட்ச்மேன் கூப்பிட்டார்.

நான் போனபோது மச்சான் சமையலறைப் படியில் உட்கார்ந்திருந்தார். தோளில் போடுகிற அந்தத் துண்டை முகத்தில் வைத்து இரண்டு கையாலும் அழுத்தியிருந்தார். துண்டு சிவந்து ஊறிப்போயிருந்தது. தலை, சட்டை, வேட்டி எல்லாம் பீரில் நனைந்து சொட்டியது. குமிழின் மரை கழன்ற கணத்தில் அது துப்பாக்கிக் குண்டு போல வந்து அவருடைய வலது கண்ணில் அடித்திருக்கிறது. பின்னாலேயே மொத்தப் பீரும் பீய்ச்சியிருக்கிறது. குனிந்து, முகத்தை அருகில் வைத்துத் திருகியிருக்கிறார். கவனமாகச் செய்கிற ஆள், அதனால் அருகில் வைத்துத்தான் பார்த்திருப்பார்.

"ஒண்ணும் இல்ல மாப்ள," என்றார். "கண்ணத் தொறக்க முடியல. அம்புட்டுத்தான்."

ஜீப் பிடித்து ஊரிலிருந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். நர்ஸ் துண்டை எடுக்கக் குனிந்தவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"குடிச்சிருக்காரா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மச்சானே பதில் சொன்னார். "நான் குடிக்கிறதில்லம்மா."

குடித்தவர்கள் எல்லாரும் சொல்கிற பதில்தான் அது. அவள் எதையோ எழுதினாள். டாக்டர் பார்த்துவிட்டு உடனே மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்.

மலையிறங்குகிற ரோட்டில் அவர் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு வளைவிலும் அவர் என் முழங்காலைப் பிடித்துக்கொள்வார். ஜீப் முழுக்க அந்தப் புளித்த வாடை. பாதி மலை இறங்கியாயிற்று. பிறகு மெதுவாகச் சொன்னார்.

"சட்ட பூரா நாறுதுய்யா."

"இருக்கட்டும் மச்சான். பேசாதீங்க."

"உங்க அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்துருவா. அவ வர்றதுக்குள்ள வேற சட்ட மாத்தி விட்டுருயா. இந்த நாத்தத்தோட அவ என்னயப் பாக்கக் கூடாது."

வத்தலக்குண்டில் ஜீப்பை நிறுத்தி ஒரு சட்டை வாங்கினேன். சீட்டில் வைத்தே மாற்றினேன். அளவு பெரிதாக இருந்தது. தலைமுடியில் இருந்த வாடையை ஒன்றும் செய்ய முடியவில்லை.

கண்ணை எடுத்துவிட்டார்கள். வைத்திருந்தால் மற்றக் கண்ணுக்கும் கேடு என்றார்கள். அக்கா வார்டு வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. "நீ இருந்ததால ஆச்சு தம்பி, இல்லேன்னா யாரு இம்புட்டு வெரசாக் கொண்டாந்து சேத்திருப்பா," என்றாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். சொல்லியிருக்கலாம். அப்போதே சொல்லியிருந்தால் எல்லாமே வேறு மாதிரி ஆகியிருக்கும் என்றுகூட இப்போது நினைக்கவில்லை. ஆனால் சொல்லியிருக்கலாம்.

மூன்றாம் நாள் காலையில், பெரியவர் வீட்டைப் பூட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லி மலையேறினேன். கொட்டகையில் பீப்பாய் சாய்ந்து கிடந்தது. தரையில் ஈக்கள் மொய்த்தன. குமிழ் அவர் கண்ணில் பட்டுத் தெறித்து, மேல்தகரத்தை நெளித்துவிட்டு ஒரு மூலையில் விழுந்திருந்தது. மூடியைக் கழற்றிப் பார்த்தேன். என் போல்ட் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. வாஷர் அசையவில்லை. அந்த அழுத்தத்திலும் ஒரு சொட்டுக் கசிந்த தடம் இல்லை. அவ்வளவு நல்ல வேலை. வால்வு இருந்திருந்தால் முதல் நாளே தானாகத் திறந்து சீறியிருக்கும், பீர் வீணாகியிருக்கும், மச்சான் தோட்டத்தில் நின்றுகொண்டிருப்பார்.

போல்ட்டைக் கழற்றினேன். கொட்டகை மேஜை இழுப்பறையில் நானே போட்டு வைத்திருந்த பழைய துருப்பிடித்த வால்வை எடுத்து அதே இடத்தில் முறுக்கினேன். போல்ட்டை வரும் வழியில் ஓடையில் எறிந்தேன். கடைக்குப் போய், பிரித்துப் போட்டிருந்த பர்னரை மாட்டி முடித்தேன். அதை நினைத்தால்தான் இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது.

பெரியவர் செய்தி கேட்டுச் சென்னையிலிருந்து நேராக மதுரைக்கு வந்தார். மச்சானின் கட்டில் பக்கத்தில் அரைநாள் உட்கார்ந்திருந்தார். பிறகு நானும் அவரும் மலைக்கு வந்தோம். விபத்து என்பதால் போலீஸ் வந்து கேட்கும் என்று சொல்லியிருந்தார்கள். கொட்டகைக்குப் போனதும் அவர் முதலில் எடுத்தது மூடியைத்தான். துருப்பிடித்த வால்வைப் பார்த்தார். பெருவிரலால் அதை ஒருமுறை தடவினார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"நான் அவசரப்பட்டு நிரப்பினேன்," என்றார் கடைசியில். "இன்னும் பத்து நாள் காத்திருந்திருக்க வேண்டும். என்னுடைய தவறு."

அது பாதி உண்மை. மீதிப் பாதியை நான் சொல்ல வேண்டும் என்று அவர் காத்திருந்தார். பிறகு மூடியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார். போலீஸ் வந்தபோதும் அதையேதான் சொன்னார். பழைய பீப்பாய், கெட்ட வால்வு, கவனிக்காதது என் தவறு என்றார். அனுமதியில்லாமல் காய்ச்சியதையும் மறைக்கவில்லை. எழுதியதில் கையெழுத்துப் போட்டார். என் பெயர் எங்கேயும் வரவில்லை.

அவர் மச்சானுக்குச் செய்ய வேண்டியதற்கு மேலேயே செய்தார். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மழைக்காலத்துக்கு முன்பே வீட்டைக் காலி செய்துவிட்டு மகளிடம் போய்விட்டார். இந்த ஊரில் சாக வேண்டும், மனைவி பக்கத்தில் தன்னைப் புதைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர். புறப்படும்போது என் கடைக்கு வந்தார். கையில் ஒரு பார்சல், மகளிடமிருந்து வந்தது. விபத்து நடந்து மூன்று வாரம் கழித்து வந்து சேர்ந்திருக்கிறது. பிரித்துக் காட்டினார். புத்தம்புது வால்வுகள் நாலு, பிளாஸ்டிக் உறையில்.

"எனக்கு இனிப் பயன்படாது," என்று பெஞ்சின் மேல் வைத்தார். கை கொடுத்தார். இன்ஜினியர் என்று கூப்பிடவில்லை.

மச்சான் ஊருக்குத் திரும்பியபோது பேச்சு அவருக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது. தொரை இல்லாத நேரம் பார்த்துப் பீப்பாயைத் திறந்து குடிக்கப் பார்த்தான், வெடித்துவிட்டது. ரேஷன் கடையிலும் பஸ்ஸிலும் இதையே சொன்னார்கள். கேட்கப் பொருத்தமாகத்தான் இருந்தது. பீர் வீடு, ஆளில்லாத நேரம், ஸ்பேனர், உடம்பெல்லாம் வாடை. அக்கா இரண்டு பேரிடம் சண்டைக்குப் போனாள். சண்டை போட்டதால் இன்னும் நாலு பேருக்குத் தெரிந்தது. மச்சான் பாட்டுக்கு வேலைக்குப் போனார். ஒற்றைக் கண்ணில் தூரம் பிடிபடாமல் படிக்கட்டு வயலில் இரண்டு முறை விழுந்தார். கம்பு ஊன்றி நடந்தார். அதற்கும் குடிகாரன் தள்ளாடுகிறான் என்றார்கள்.

ஒருநாள் அக்கா கடைக்கு வந்தாள். பெஞ்சில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன் தம்பி. நேத்து அவருகிட்டக் கேட்டுப்புட்டேன்."

"என்ன கேட்ட?"

"எல்லாரும் சொல்றாகளே, நெசத்தச் சொல்லுங்க, அன்னிக்குக் குடிச்சிருந்தீகளான்னு. ஏன் கேட்டேன்னு தெரியலயே. வாயில வந்துருச்சு."

"மச்சான் என்ன சொன்னாரு?"

"ஒண்ணுமே சொல்லல. என்னயப் பாத்தாரு. எந்திரிச்சுப் போயி ஆட்டுக்குக் கொழ போட்டாரு. நேத்துலருந்து பேசல."

பதினெட்டு வருஷம் கூட வாழ்ந்தவள் அவள். அவர் ஒரு சொட்டுத் தொட்டதில்லை என்று யாரைவிடவும் அவளுக்குத் தெரியும். அவளையே கேட்க வைத்தது ஊர் என்று நான் நினைத்துக்கொள்ளலாம். அந்தச் சமயம் நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் வீட்டுக்குப் போய் அவர் காலில் விழுந்திருப்பாள். "சரியாப் போயிரும் அக்கா," என்றேன்.

சரியாகவில்லை. குளிரில் கண்குழி குடைகிறது என்று அடுத்த வருஷம் ஆடுகளை விற்றுவிட்டு மலையடிவாரத்து அய்யம்பாளையத்துக்கு இறங்கிவிட்டார்கள். அங்கே தென்னந்தோப்பு ஒன்றில் காவலுக்கு இருந்தார் மச்சான். அக்கா தேங்காய் உரிக்கிற இடத்துக்கு வேலைக்குப் போனாள்.

நான் போனது அதற்குப் பிறகு இரண்டு வருஷம் கழித்து. மத்தியானம். மச்சான் தோப்புக்குள் விழுந்த மட்டைகளை இழுத்து ஓரமாக அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வா மாப்ள. எளநி வெட்டவா?"

"வேணாம் மச்சான். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

சொன்னேன். வால்வைக் கழற்றியது, போல்ட்டை வைத்து அடைத்தது, போனில் சொன்னது, கொட்டகைக்குப் போய் மாற்றி வைத்தது, எல்லாவற்றையும். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மட்டையைப் பிடித்த கை அப்படியே நின்றது. பிறகு ஒன்று கேட்டார்.

"அந்த ஓட்டைய அடைக்காம இருந்திருந்தா?"

"காத்து தானாப் போயிருக்கும் மச்சான்."

"ம்."

"ஊர்ல சொல்றேன் மச்சான். நீங்க குடிக்கலன்னு, நான்தான்னு எல்லார்கிட்டயும் சொல்றேன். அக்காகிட்ட இன்னிக்கே சொல்லிர்றேன்."

அப்போதுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார். "உங்க அக்காகிட்டச் சொல்லாத. அவளுக்குப் பொறந்த வீடுன்னு இருக்கது நீ ஒருத்தந்தான்."

மட்டையைக் கீழே போட்டுவிட்டுத் தோப்புக்குள் நடந்து போனார். திரும்பி வரவில்லை. அக்கா வேலையிலிருந்து வரும்வரை வாசலில் நின்றேன். அவள் காபி போட்டாள், குடித்தேன், கடைசிப் பஸ்ஸுக்கு முன்னால் கிளம்பிவிட்டேன்.

பத்து நாள் கழித்து அக்கா போன் பண்ணினாள். "அன்னிக்கு வந்து அவருகிட்ட என்னலே சொன்ன? சாப்பாடே எறங்க மாட்டேங்குது மனுசனுக்கு. உம் பேச்ச எடுத்தா எந்திரிச்சுப் போயிர்றாரு." நான் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். தனக்கு நடந்தது ஏதோ கெட்ட நேரம் என்று மச்சான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தார். கெட்ட நேரத்தின்மேல் யாரும் ஆத்திரப்பட முடியாது. நான் போய் அதற்கு ஓர் ஆளைக் காட்டிவிட்டு வந்தேன், அதுவும் ஆத்திரப்பட முடியாத ஆளை.

ஊரிலும் நான் சொல்லவில்லை. சொன்னால் அக்கா காதுக்குப் போகும். அவர் சொல்லாதே என்றது எனக்குச் சௌகரியமாகவும் இருந்தது. அதையும் மறைக்க வேண்டியதில்லை. அவரைப் பற்றி ஊர் வைத்திருக்கிற பேச்சு அப்படியேதான் இருக்கிறது.

மச்சான் அதற்குப் பிறகு என் வீட்டுப்படி ஏறவில்லை. என் மகளுக்குக் காது குத்தியபோது அக்கா மட்டும் வந்தாள். பொங்கலுக்கும் அவள் மட்டும்தான் வருவாள், பை நிறையத் தேங்காயோடு. ஒவ்வொரு தடவையும் அவருக்காக என்னிடமே மன்னிப்புக் கேட்பாள்.

"உனக்கு அவரு எம்புட்டுக் கடமப்பட்டிருக்காரு. அந்த நன்றியே இல்லாமப் போச்சு பாரு மனுசனுக்கு," என்பாள்.

நான் பையை வாங்கி உள்ளே வைப்பேன்.